சீனியைப் பார்த்தார்கள், இரத்தத்தைப் பார்க்கவில்லை

நாலு வருடத்துக்கு முன்பு, சோளகக் காற்று எழும்பத் தொடங்கிய காலத்தில், மன்னார்த் தீவில் எங்கள் கடற்கரை ஊரில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து கனகாலம். எங்கள் பக்கத்தில் அதைச் சுருக்கமாகச் 'சீனி' என்றே சொல்வோம். தேநீரில் போடுவதும் சீனி, உடம்பில் இருக்கிற நோயும் சீனி. அதனால் ஒருவருக்கு நோய் கூடினால், அவர் களவாக இனிப்புத் தின்கிறார் என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும். நான் கருவாடு காயப்போட்டு விற்கிறவள். வாயைக் கட்டி, டொக்டர் தந்த குளிசையைத் தவறாமல் போட்டு ஒழுங்காகத்தான் இருந்தேன்.

அந்த வருடம் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. கருவாடு நிறைந்த ஓலைக் கடகத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும். கடகம் பட்ட இடமெல்லாம் கையில் நீலம் பாய்ந்தது. இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம். இரண்டு வாய் சோறு உண்டதும் வயிறு நிறைந்துவிடும். சீனி வருத்தக்காரர் போகிற கிளினிக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். விரலில் குத்திப் பார்த்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டார்.

"சீனி கூடினா இப்பிடித்தான் மெலியும். ஒளிச்சுத் தின்னுறதைத் தின்னுபோட்டு இஞ்ச வந்து எங்களைக் கேக்கிறியளோ?"

"இல்லை மிஸ்ஸி, நான் இனிப்பை வாயிலயும் வைக்கிறேல்லை."

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுறவை."

வாங்கில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே இருந்த டொக்டர் தலை நிமிராமல் குளிசையைக் கூட்டி எழுதினார். அடுத்த முறையும் அதே கதை, அதற்கடுத்த முறையும் அதே கதை.

வீட்டிலாவது நம்பினார்களா? கணவர் சீனிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும்போதும் திறப்பைக் கையோடு கொண்டுபோனார். கோயில் திருநாளில் அவருடைய தங்கை என் கையிலிருந்த தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சாள், நாங்கள் பாக்காட்டியும் மாதா பாத்துக்கொண்டுதான் இருக்கிறா" என்றாள். தட்டில் இருந்தது அவித்த கடலை!

கடைசியில் பல் வலிதான் என்னைக் காப்பாற்றியது. பல் முரசிலிருந்து, அதுதான் ஈறிலிருந்து, இரத்தம் கசிந்தபடி இருந்ததால் பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று டவுனில் ஒரு பல் டொக்டரிடம் போனேன். இளம் பெண். வாயைப் பார்த்தவர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு, என் கையில் இருந்த நீலங்களைப் பார்த்தார்.

"இப்ப பல்லுப் பிடுங்க ஏலாது அம்மா. உங்கட இரத்தம் சோதிச்சவையோ?"

"ஓம், ஒவ்வொரு கிளினிக்குக்கும் குத்திப் பாக்கிறவை."

"அது சீனி பாக்கிறது. நான் கேக்கிறது இரத்தத்தை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை காலம் என் விரலைக் குத்திக் குத்தி எடுத்தது என் இரத்தத்தைத்தானே! அதற்குள் சீனியை மட்டும் தேடினார்களே தவிர, இரத்தம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அவர் அனுப்பிச் செய்த சோதனையில் வெள்ளை அணுக்கள் கண்டபடி பெருகியிருந்தன. பிறகு பெரிய ஆஸ்பத்திரி, இடுப்பெலும்பில் ஊசி, முடிவில் இரத்தப் புற்றுநோய். மெதுவாக வளர்கிற வகை, குளிசையால் அடக்கலாம் என்றார்கள்.

அங்கிருந்த பெரிய டொக்டரிடம், "ஐயா, சீனி வருத்தத்தாலதான் இது வந்ததோ?" என்று கேட்டேன்.

"அப்பிடிச் சொல்ல ஏலாது அம்மா. சீனி வருத்தம் உள்ளவைக்குச் சில இரத்தப் புற்றுநோய்கள் வாறதுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடவோ எண்டு ஆராய்ஞ்சுகொண்டு இருக்கினம். ஆனா உங்களுக்கு அதாலதான் வந்தது எண்டு ஒருத்தராலயும் சொல்ல முடியாது."

அப்போதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அப்படி ஒரு தொடர்பு இருக்கக்கூடும் என்றால், சீனி வருத்தக்காரரை இன்னும் கவனமாக அல்லவா பார்க்க வேண்டும்? இவர்களோ 'சீனி' என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் கணவரின் தங்கை, அந்த மச்சாள், "நான் அண்டைக்கே சொன்னனான், சீனி முத்திப் புற்றாயிட்டுது" என்று பரப்பி வைத்திருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

குளிசை என்னைத் தூக்கி நிறுத்திவிட்டது. கடகமும் தூக்குகிறேன். போன மாதம் அதே கிளினிக்கில், அதே மிஸ்ஸி, எலும்பும் தோலுமாய் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து அதே பேச்சைத் தொடங்கினார். நான் எழும்பிவிட்டேன்.

"மிஸ்ஸி, எனக்கும் இதைத்தான் சொன்னனீங்கள். முதல்ல அவவின்ர இரத்தத்தைச் சோதிக்க அனுப்புங்கோ."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் டொக்டர் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அவளுக்கு என்ன நோய், நோய் இருக்கிறதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது. வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உண்மையாவே ஒண்டும் ஒளிச்சுச் சாப்பிடேல்லை அக்கா" என்றாள்.

"தெரியும்" என்றேன். என்னைப் பார்த்து ஒருவரும் சொல்லாத அந்த ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது, அவள் அங்கேயே விம்மி அழுதபோதுதான் எனக்கு விளங்கியது.