லாஃப்டும் பில்லர் கம்பியும்

இந்த ஊரில் காற்று பலமாக அடித்தால் எங்கள் வீட்டுக்குள் ஒரு மூடி தூக்கித் தூக்கி விழும். மாடிப்படி ஏறி முடிக்கும் இடத்தில், தலைக்கு நேர் மேலே சதுரமாக வெட்டிப் பலகை மூடி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே இருப்பதுதான் லாஃப்ட். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள், சமையலறையில் அண்டா குண்டா ஏற்றி வைக்கும் சிமெண்ட் பலகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது சாய்வான ஓட்டுக்கூரைக்கு அடியில் வீடு முழுக்க இருட்டிக் கிடக்கும் வெற்றிடம். நாம் மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டு வளர்ந்தவர்கள். தலைக்கு மேலே யாரும் போகாத இருட்டு ஒன்றை வைத்துக்கொண்டு கீழே தூங்குவது எனக்கு இன்னும் பழகவில்லை. நாட்டிங்ஹாமுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அந்த மூடி 'டொக்'கென்று விழும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். என் கணவர் செல்வம் அறந்தாங்கிக்காரர், எதற்கும் அசராதவர். "ஒனக்குப் பயப்படுறதுக்குன்னே தனியா ஒரு ரூம் கட்டணும்" என்று கிண்டல் செய்வார். கடைசியில் பேச்சு ரூம் கட்டுவதில்தான் வந்து நின்றது.

எங்கள் வீட்டில் படுக்கையறை இரண்டுதான். மகள் இனியா பெரியவளாகிவிட்டாள். தம்பியோடு ஒரே அறையில் இனி முடியாது என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அவள் அழுவது நியாயம்தான். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் லாஃப்டை அறையாக மாற்றிவிட்டார்கள். நாமும் மாற்றிவிடலாம் என்று செல்வம் சொல்லும்போதெல்லாம் நான் "பார்க்கலாம்" என்று இழுத்தடித்தேன். இருட்டுக்கும் எலிக்கும் பயப்படுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். என் பயமோ ஆலங்குடியில், கைப்பிடிச்சுவர் இல்லாத ஒரு மொட்டை மாடியில் இருந்தது.

அப்பா குவைத்தில் லாரி ஓட்டி ஆலங்குடியில் வீடு கட்டினார். கீழ்த்தளம் மட்டும் எழுப்பி, மேலே என்றைக்காவது ஒரு மாடி வரும் என்று பில்லர் கம்பிகளை வெட்டாமல் நீட்டிவிட்டார். புதுக்கோட்டையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இப்படிக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளைப் பார்க்கலாம். மகன் வந்து மாடி எடுப்பான் என்று விட்டு வைப்பது வழக்கம். நான் ஒரே மகள். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குய்யா மாடி?" என்று பங்காளிகள் சிரித்தபோது, "எம்மகதான் வந்து இருக்கப்போகுது, ஒங்களுக்கென்ன?" என்று அப்பா வாயடைத்தார். எப்படியும் மாடி வரப்போகிறது, கட்டி இடிப்பானேன் என்று கைப்பிடிச்சுவரும் வைக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்று, என் அறை இந்தப் பக்கம், சன்னல் அந்தப் பக்கம் என்று நானே பிளான் போட்டிருக்கிறேன்.

கம்பி துருப்பிடித்தால் மாடி நிற்காது. அதனால் ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னால் அப்பா வாளியும் பிரஷ்ஷுமாக மேலே ஏறி, கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் அடிப்பார். தென்னைகளை வேரோடு சாய்த்த புயலுக்குப் பிறகுகூட முதலில் மாடிக்கு ஏறித்தான் பார்த்தார். கம்பி ஒன்றுகூட வளையவில்லை என்று எனக்குப் போன் செய்து பெருமைப்பட்டார். இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அம்மாவும் இல்லை. தலைசுற்றலுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கொத்தனாரை விட்டுச் செய்யுங்கள் என்றால், "அவரு மேலாப்புல தடவிட்டுப் போயிருவாரு" என்கிறார். பில்லர்கள் எல்லாம் மாடியின் விளிம்பில் அல்லவா இருக்கின்றன? புரட்டாசி பிறந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆலங்குடியிலிருந்து வேறு யாராவது போன் செய்தால் எடுக்கவே கை வராது. லாஃப்டை அறையாக்கிவிட்டால் நாங்கள் ஊருக்கு இருக்க வரப்போவதில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதைச் சொல்லவும் பயம். சொல்லாமல் விட்டால் அவர் ஏறிக்கொண்டே இருப்பாரே, அதற்கும் பயம்.

போன புரட்டாசியில் ஒரு நாள் காலை, செல்வம் சொல்லி மார்ட்டின் என்ற பில்டர் வீடு பார்க்க வந்தார். ஏணி போட்டு மூடியைத் திறந்து ஏறினார், பின்னாலேயே நானும் ஏறினேன். கீழே குளிர் தாங்க மஞ்சள் பஞ்சு பரப்பியிருந்தது. மரக்கட்டையின் மேல் மட்டும் கால் வையுங்கள், நடுவில் வைத்தால் சீலிங் அட்டையைப் பிய்த்துக்கொண்டு படுக்கையறையில் விழுவீர்கள் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூரையைத் தாங்க இரும்பு உத்திரம் போட வேண்டும் என்று அவர் காட்டியபோது, என்னை அறியாமல் கேட்டுவிட்டேன், மேலே கொஞ்சம் கம்பி நீட்டிவிட முடியுமா என்று. "ஃபார் வாட்?" என்றார். பின்னால் அடுத்த மாடி எடுக்க என்றேன். மழை ஒழுகும் என்று நான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வராது என்று நெடுநேரம் பொறுமையாக விளக்கினார். நானும் தலையாட்டினேன். பிறகு அளந்துகொண்டே, "இதுதான் உங்க ஃபார்எவர் ஹோமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். கடைசிவரை இருக்கப்போகும் வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். டீ போடுகிறேன் என்று சொல்லி ஏணியில் இறங்கிவிட்டேன்.

கீழே வந்ததும் அப்பாவின் வீடியோ கால். மேலே மார்ட்டின் நடக்கும் சத்தம் அவருக்கும் கேட்டுவிட்டது. நம் ஊரில் வீட்டின் மேலே காலடிச் சத்தம் கேட்டால் திருடன் என்றுதானே தோன்றும்.

"யாருத்தா அங்கிட்டு, வீட்டு மேல நடக்குறது?"

"ஓடு பாக்குறாங்கப்பா."

"பாத்து ஏறச் சொல்லு. நானும் மேலதான் நிக்கிறேன். பால் அடிச்சாச்சு, இந்தா பாரு."

போனைத் திருப்பினார். பளிச்சென்று சாம்பல் நிறத்தில் கம்பிகள், அவற்றுக்கு அந்தப் பக்கம் தென்னந்தலைகள். எல்லாக் கம்பியும் எனக்கு ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று அப்பா பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். காட்சி விரிந்துகொண்டே போனது. அவருக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாரோ என்று அதற்கும் பயம்.

"அப்பா, எனக்காக அப்படியே உக்காருங்க. நகராதீங்க" என்றேன். என்னவோ ஏதோ என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபின் திரும்பிப் பார்த்தவர், "அட, ஓரத்துக்கே வந்துட்டேன்" என்று சிரித்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அழுகையிலேயே சொல்லிவிட்டேன்.

"நாங்க இங்க மேல ரூம் எடுக்குறோம்பா. இனியாவுக்கு."

அப்பா பிரஷ்ஷை வாளிக்குள் போட்டார்.

"அப்ப இங்கிட்டு வரமாட்டீங்களா?"

"வருவோம்பா. இருக்க வரமாட்டோம். அந்தக் கம்பிய அறுத்துட்டுக் கைப்பிடிச்சுவர் கட்டிருங்கப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"சரித்தா" என்றார். "மழை வார மாதிரி இருக்கு. எறங்குறேன்." போன் அணைந்தது. அவர் பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று தெரியும்வரை நான் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருந்தேன். எடுத்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

தை முடிவதற்குள் ஆலங்குடியில் சுவர் எழும்பிவிட்டது. அப்பா படம் அனுப்பியிருந்தார். நெஞ்சு உயரத்துக்கு நல்ல கெட்டியான சுவர். கம்பிகளையெல்லாம் அறுத்து மேலே பூசியிருந்தார்கள். தென்கிழக்கு மூலையில் மட்டும் நான்கு கம்பிகள் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. அது எதற்கு என்று கேட்டேன். "தண்ணித் தொட்டி வைக்கத்தா" என்றார். தொட்டி எதிர் மூலையில் எப்போதோ வைத்தாகிவிட்டது, படத்திலேயே தெரிந்தது.

இங்கே வேலை முடிந்து, அந்த மூடி இருந்த இடத்தில் படிக்கட்டு வந்துவிட்டது. கூரைச் சரிவிலேயே ஒரு சன்னல் வைத்திருக்கிறார்கள். போன வாரம் அப்பாவுக்குத் தெருவைக் காட்டலாம் என்று, ஸ்டூல் போட்டு ஏறிச் சன்னலைத் தள்ளித் திறந்தேன். ஓடுகளுக்கு மேலே மார்புவரை வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். குளிர்காற்று முகத்தில் அடித்தது. கீழே இனியா என் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். போனில் அப்பா புதுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் அந்த நான்கு கம்பிகள், சிமெண்ட் பால் காயாமல் ஈரமாக இருந்தன.

"அம்புட்டு நீட்டாதத்தா, விழுந்துருவ. கெட்டியா புடிச்சுக்க" என்று பதறினார்.

"புடிச்சிருக்கேன்பா" என்றேன். ஒரு கை சன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தது. மறு கையில் அப்பா இருந்தார். எந்தக் கையையும் விடுவதற்கு எனக்குப் பயமாக இருந்தது.