வன்மையாகக் கண்டித்த குறுஞ்செய்தி

ஆங்கிலத்தில் கோபப்படத் தெரிந்தவனுக்குத்தான் ஆங்கிலம் தெரியும் என்று நாற்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்த மடையன் நான்.

நான் படித்ததெல்லாம் பத்திரிகையில்தான். யுத்தம் முடிந்த புதிதில் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் அரசாங்கம் வெளிநாடுகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. 'ஸ்ட்ரோங்லி கண்டெம்', 'கெட்டகோரிக்கலி ரிஜெக்ட்'. கரைத்தீவில் பாண் வாங்கப் போகிற கடையில் நின்று அவற்றைச் சத்தமாக வாசிப்பேன். அர்த்தம் அரைகுறைதான், வாய்க்கு ருசியாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. அவர் மனைவி சவூதியில் ஒரு வீட்டில் பணிப்பெண். ஒப்பந்தம் முடிந்தும் அவளை அனுப்புகிறார்கள் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அவள் எடுக்கும் அழைப்பில்தான் அந்தக் குடும்பம் வாரம் முழுவதும் ஓடியது. எசமானியின் மகனுக்கு ஆங்கிலம் தெரியும், நம்பர் கிடைத்துவிட்டது என்று ஒருநாள் கைபேசியோடு வந்தார். அண்ணன் முறை வைத்து என்னை 'நானா' என்றுதான் அழைப்பார்.

"கொஞ்சம் கெஞ்சி எழுதுங்க நானா. பெருநாளைக்காவது அனுப்பட்டும்."

"கெஞ்சினா மதிப்பானுகளா? நான் போடுற போட்டுல நாளைக்கே டிக்கெட் வரும் பாருங்க."

"அது அவங்கட வீடு நானா. இவ உள்ளுக்கு இரிக்கா."

கேட்டேனா? அவளைத் தடுத்து வைத்திருப்பதை வன்மையாகக் கண்டித்தேன். எந்தச் சாக்கையும் திட்டவட்டமாக நிராகரித்தேன். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் சொல்வதை, ஒரு தோணிகூட இல்லாத நான் சொன்னேன். 'தயவுசெய்து'வுக்கு இடமே இருக்கவில்லை.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டார்.

"மரியாதையா, ஆனா பலமா."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: எங்கள் வீட்டை மிரட்டுவது யார்?

அந்த வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. இவர் எடுத்தாலும் அவளுடைய போன் ஓஃப். அடுத்த வெள்ளியும் அப்படியே. தொழுதுவிட்டு வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதிரையில் அமர்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் என் வீறாப்பெல்லாம் வற்றிப்போயிருந்தது. பத்திரிகையில் கண்டிக்கிறவர்களுடைய மனைவிமார் யாரும் கண்டிக்கப்படுகிறவனின் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்பதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அகராதியைப் புரட்டி, 'கைண்ட்லி', 'ஹம்ப்ளி' என்று கிடைத்த பணிவையெல்லாம் பொறுக்கி, புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு போனேன்.

"இது கெஞ்சல்தான், சத்தியமா. அனுப்பவா?"

அவர் நிமிரவில்லை.

"நீங்க இனி அல்லாஹ்கிட்ட துஆ மட்டும் கேளுங்க நானா."