யமுனையில் விட வேண்டிய மாலை

டெல்லி பெரிய ஊர் என்பதெல்லாம் மெட்ரோ வரைபடத்தைப் பார்ப்பவர்கள் சொல்வது. காஷ்மீரி கேட் பக்கம், யமுனைக்குப் பத்து நிமிட நடையில் குடியிருக்கும் எனக்கு இது சின்ன ஊர்தான். பழைய மதில் ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம், நடுவில் நாங்கள். தமிழர்கள் நிறைந்த ஆர்.கே.புரத்துத் தோழிகள், "அங்கயாடி இருக்கே?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆமாம், இங்கேதான் இருக்கிறேன், போங்கடி.

கல்யாணமும் இங்கேதான், பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. என் வீட்டுக்காரர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், வேறு சாதி. முசிறியிலிருந்து அம்மா வரவில்லை. அதன்பின் ஆறு மாதம் பேசவும் இல்லை. நானும் வீம்புக்காரி, கூப்பிடவில்லை.

ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்பு அவளே போன் செய்தாள். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"கல்யாண மாலையப் பத்திரமா வச்சிருக்கியா? ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல விடணும். நான் வர்றேன்."

எங்கள் பக்கத்தில் கல்யாண மாலையைக் காயவைத்துப் பாதுகாத்து, முதல் ஆடிப்பெருக்கன்று காவிரியில் விடுவார்கள். எங்கள் மாலையோ ஆட்டோ ஏறும்போதே குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. கழுத்து அரித்தது, கழற்றிப் போட்டோம். எங்கே போயிற்றோ அன்றைக்குப் புத்தி!

"இருக்கும்மா" என்றது என் வாய்.

இந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொள்ளத்தான் அவள் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். மாலை இல்லையென்று தெரிந்து முறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டால் மறுபடி எப்போது பேசுவாளோ? பயமாகத்தான் இருந்தது.

பூக்கடையில் கேந்திப்பூ மாலை இரண்டு வாங்கி மொட்டைமாடியில் காயப்போட்டேன். குரங்குகள் தின்றுவிட்டன. மறுபடி இரண்டு வாங்கினேன். மழை விடவில்லை. அறைக்குள் மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட்டேன்.

"அச்சா, ப்ரெஸ் பண்ணிடலாமா?" என்றார் அவர், இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு. வந்த ஆத்திரத்தில் சிரித்துவிட்டேன்.

அம்மா வந்து சேர்ந்தாள். மூன்று நாளாக அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "அத்தை, சாய் போடவா?" என்று அவர் கேட்டால், என்னைப் பார்த்து, "வேணாம்னு சொல்லு" என்பாள். மனுஷன் அதற்கும் தலையாட்டிவிட்டுப் போவார். எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

ஆடிப் பதினெட்டன்று காலையில் மூவரும் படித்துறைக்கு நடந்தோம். யமுனை செம்மண் நிறத்தில் பாதிப் படிவரை ஏறியிருந்தது. மாலைகளைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியை அம்மா அவிழ்த்தாள். ஒரு பூவைப் பிய்த்து, நடுவில் நகத்தால் கிள்ளினாள். உள்ளே ஈரம்.

"ஆறு மாசத்துப் பூவாடி இது?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? குப்பைத்தொட்டியில் தொடங்கிக் குரங்குவரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே புகுந்து, "நான்தான் அத்தை டஸ்ட்பின்ல போட்டேன். அவ இல்ல" என்றார். பொய். போட்டது நான்.

அம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த ரயிலுக்கு டிக்கெட் கேட்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"அப்போ இது இன்னும் யார் கழுத்துலயும் ஏறல."

"இல்லம்மா."

"நானும் கல்யாணத்தப் பாக்கல." ஆளுக்கொரு மாலையை எங்கள் கையில் கொடுத்தாள். "மாத்திக்குங்க. பாத்துக்கறேன். அப்புறம் விடலாம்."

அவர் மிலிட்டரிக்காரர் மாதிரி விறைப்பாக நின்றார். நான் மாலையைத் தூக்கினேன். இதழ்கள் என் முகத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. கண்ணில் நீர் முட்டியதில் அவர் கழுத்தே தெரியவில்லை.

அம்மா ஒரு படி கீழே இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் குனிங்க மாப்ள. அவளுக்கு எட்டல."