மச்சாள் சாப்பிடாத கம்போ

என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, இருபத்தைந்து வருடங்களாக எங்கள் வீட்டுக்கு வந்து போகிறார். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் அவர் வாயில் வைத்தது தேநீர் ஒன்றுதான். சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு காரணம் வரும். பல்லுக்கொதி, வயிற்றுப் பொருமல், இல்லையென்றால் வழியில் யாரோ வற்புறுத்திச் சாப்பிட வைத்துவிட்டார்கள். ரொறன்ரோவுக்கு மேற்கே பிறம்ரனிலிருந்து கிழக்கே ஸ்காபரோவுக்குக் காரில் வருகிற மனுசியை நெடுஞ்சாலையில் மறித்துச் சோறு போட்ட புண்ணியவான் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உண்மைக் காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் கணவர் வீட்டார் கத்தோலிக்கர். நான் சைவ சமயம். என் குசினியில் வேகிற எல்லாமே முதலில் சாமிப்படத்துக்கு முன்னால் போய்த்தான் மேசைக்கு வருகிறது என்று மச்சாளுக்கு ஒரு சந்தேகம். படைத்ததை அவர் தொடமாட்டார். ஆட்டுக்கறியை நான் எந்தப் பிள்ளையாருக்குப் படைத்தேன் என்று அவர் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

போன வருடம் எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வர இருந்தது. அதற்குள் மச்சாள் என் வீட்டில் ஒரு கோப்பை சாப்பாடு சாப்பிட்டே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன். பிடிவாதம் என்று கணவர் சொன்னார். பிடிவாதம்தான். என் கையால் சாப்பிடாதவர் என்னை இன்னும் அந்தக் குடும்பத்தில் சேர்க்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அது கால் நூற்றாண்டாக நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது.

வழி காட்டியவர் என்னோடு வேலை செய்கிற ஒரு பெண். லூசியானாவில் பிறந்து வளர்ந்தவர். அவர்களுடைய ஊரில் கத்தோலிக்கர் நோன்பு தொடங்க முன்னம் வருகிற செவ்வாய்க்கிழமையைப் பெரிய கொண்டாட்டமாக வைப்பார்களாம். இறைச்சி, சொசேச், இறால் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கம்போ என்று ஒரு குழம்பு காய்ச்சி, சோற்றின்மேல் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கத்தோலிக்கப் பெருநாளுக்குக் கத்தோலிக்கர் சமைக்கிற சாப்பாடு! பாப்பரசரே வந்தாலும் மறுக்க முடியாது. நோன்பு தொடங்க முன்னம் என்ற பகுதி காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் உண்டு. ரொறன்ரோவில் நாங்கள் எதையும் அதற்குரிய நாளில் செய்கிறதில்லை. பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடுகிற சாமத்தியவீடு, செத்தவீட்டு அந்தியேட்டி விருந்து, எல்லாம் சனிக்கிழமைதான். அதோடு செவ்வாய்க்கிழமை எனக்கு மரக்கறி. அந்தச் செவ்வாய்க்கு முந்தைய சனிக்கிழமை ஊரெல்லாம் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. ஆகவே கொண்டாட்டத்தைத் தூக்கி அடுத்த சனிக்கிழமை மத்தியானத்தில் வைத்தேன். கணவரிடம் கேட்டேன். சரி என்றார். ஞானஸ்நானம் பெற்றவர்தான், ஆனால் நத்தார் பெருநாளுக்கும், வெளியே கார் நிறுத்த இடம் கிடைக்கிற நாட்களிலும் மட்டுமே கோயிலுக்குப் போகிறவர்.

என் அம்மாவைக் கூப்பிடவில்லை. அவர் றிச்மண்ட் ஹில்லில் இந்துக் கோயிலுக்குக் கிட்ட என் தம்பியோடு இருக்கிறார். மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கிற நாளில் என் வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். அம்மாவின் அந்தக் கட்டுப்பாட்டை நான் எல்லாருக்கும் பெருமையாகச் சொல்வதுண்டு.

அன்று காலையில் சமையல் தொடங்கினேன். கம்போவுக்கு அத்திவாரம் ரூ என்கிற ஒரு சாமான். கோதுமை மாவையும் எண்ணெயையும் அடிகனத்த சட்டியில் போட்டு, சொக்லேட் நிறம் வரும்வரை முக்கால் மணித்தியாலம் கையெடுக்காமல் கிண்டவேண்டும். ஒரு நிமிடம் கவனம் தப்பினால் கருகிவிடும். தமிழ் வீட்டில் ஒரு மனுசியை முக்கால் மணித்தியாலம் தொந்தரவில்லாமல் நிற்க விடுவார்கள் என்று நம்பி எழுதிய செய்முறை.

நிறம் திரும்புகிற நேரம் பார்த்து மச்சாள் போன் எடுத்தார்.

"என்ன சமையல்?"

"கோழி, சொசேச், றால் எல்லாம் போட்டு ஒரு விசேஷச் சாப்பாடு, மச்சாள். உங்கட ஆக்களின்ர பெருநாள் சாப்பாடு."

"ம்" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த "ம்" முடிவதற்குள் ரூ தார் ஆகிவிட்டது. புகை மணி கூவத் தொடங்கியது. கணவர் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசிறினார். ஜன்னல்களைத் திறந்தோம். மாசி மாதத்துக் குளிர் முழுக்க உள்ளே வந்து குந்தியது. இரண்டாவது ரூவைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிண்டினேன். வெங்காயம், செலரி, குடைமிளகாய், வெண்டிக்காய் என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். கை தானாகவே மிளகாய்த்தூள் போத்தலுக்குப் போனது. இரண்டு தரம் இழுத்தெடுத்தேன். கணவர் ஒரு கரண்டி நக்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சரும், உது எங்கட றால் போட்ட கூழெல்லே?" என்றார். கூழ் என்று இன்னொரு தரம் சொன்னால் தலையில் ஊற்றுவேன் என்றேன். நல்ல காலம், பிறகு வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் மச்சாள், அவருடைய கணவர், மகள் மூவரும் வந்தார்கள். மச்சாளின் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், வாசலிலேயே மூக்கை உறிஞ்சி முகம் மலர்ந்தார். "மாமி, ஸ்மெல்ஸ் ஸோ குட்!" என்றபடி மகள் நேரே பானைக்குப் போனாள். மேசையில் சோறு ஆவி பறந்தது. மச்சாளுக்கு முதல் கோப்பையைப் போட்டு, பெரிய இறாலாகப் பொறுக்கி வைத்து நீட்டினேன்.

மச்சாள் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார்.

"விபூதிப் புதன் முடிஞ்சுது. இப்ப தவக்காலம். நாப்பது நாளும் எங்களுக்கு இறைச்சி இல்லை."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். விபூதிப் புதனாம். தினமும் நெற்றியில் விபூதி பூசுகிற எனக்கு எந்தப் புதன் என்று எப்படித் தெரியும்? அண்ணை கம்போவைப் பார்த்த பார்வையில் நாற்பது நாள் பசியும் அப்போதே தெரிந்தது. மகள் மட்டும், "ஐ கேவ் அப் சோஷல் மீடியா, அம்மா, நொட் சொசேச்" என்றுவிட்டு இரண்டாவது கரண்டியை ஊற்றிக்கொண்டாள்.

"தவக்காலம் எண்டு உங்களுக்கு எப்ப தெரியும், மச்சாள்?"

"நீர் கூப்பிட்ட அண்டைக்கே தெரியும்."

"காலமை போன் எடுத்தனீங்கள். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நீர் கேக்கேல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை மேசையில் போட்டேன். இருபத்தைந்து வருடமாகப் பல்லுக்குள் கடித்து வைத்திருந்த எல்லாம் வெளியே வந்தது. பல்லுக்கொதியும் வயிற்றுப் பொருமலும் பொய் என்று எனக்குத் தெரியும் என்றேன். என் சாமிக்குப் பயந்து என் சோற்றைத் தொடாமல் இருக்கிறீர்கள் என்றேன். இந்த வீட்டில் நான் இன்னும் வெளியாள்தான் என்றேன். அழுகையும் வந்து தொலைத்தது.

மச்சாள் எழும்பவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"உம்மட சாமிக்கு எனக்கென்ன பயம்? கலியாணத்துக்கு அடுத்த நாள் எங்கட பார்க்டேல் அப்பார்ட்மென்டில உங்கட ஆக்களுக்கு விருந்து வைச்சனாங்கள். ஞாபகம் இருக்கோ? நான்தான் சமைச்சனான். உங்கட அம்மா சுத்தசைவம் எண்டு நாலு புதுச்சட்டி வாங்கினனான், புது அகப்பை வாங்கினனான். ஒரு முட்டைகூட அண்டைக்கு அந்தக் குசினிக்குள்ள வர விடேல்லை. விடியக்காலமை எழும்பி ஒன்பது கறி வைச்சனான். உங்கட அம்மா கதிரை நுனியில இருந்துபோட்டு, தண்ணிகூடக் குடியாமல் எழும்பிப் போனவ. வேதக்காரரின்ர வீட்டில என்னெண்டு வாய் நனைக்கிறது எண்டு லிஃப்டுக்குள்ள சொன்னவ. நான் பின்னால நிண்டனான்."

அண்ணை தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த விருந்து எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கத்தரிக்காய்ப் பால்கறி அருமையாக இருந்தது, நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். யார் சமைத்தது என்று கேட்கவில்லை. அம்மா சாப்பிட்டாரா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. மற்றவர் சாப்பிடாததை வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

"நான் என்ன செய்யவேணும், மச்சாள்?" என்று கேட்டேன்.

"உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு உங்கட அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டை வாரும். மரக்கறிதான் வைப்பன். அவ என்ர கையால ஒரு பிடி சோறு சாப்பிடட்டும். அடுத்த கிழமையே வந்து உம்மட கம்போவைப் பானையோட குடிக்கிறன்."

அவர்கள் போனதும் பானையைக்கூடக் கழுவாமல் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரித்தேன். தம்பியின் பிள்ளைகளை விசாரித்தேன். பிறகு துணிவை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"அம்மா, மச்சாள் உங்களைத் தன்ர வீட்டை சாப்பிடக் கூப்பிடுறா. மரக்கறிச் சாப்பாடுதான். வருவியளோ?"

"ஐயோ பிள்ளை, அண்டைக்கு எனக்கு விரதமெல்லே" என்றார் அம்மா.

எந்த நாள் என்று நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.