ரெஜினா அக்கா எழுத மறுத்த பதில்

பத்தாம் தர விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது சூசை அண்ணரின் அழைப்பு வந்தது. "ரீச்சர், ரெஜினா எங்களை விட்டிட்டுப் போட்டா. நெஞ்சு நோகுது எண்டவ. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுது" என்றார். அவர் ரெஜினா அக்காவின் கணவர். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று மிச்சத் தாள்களைத் திருத்த முடியவில்லை.

செத்த வீட்டில் ஒரே பேச்சு. "பாவம், ஒரே ஒரு பாடம். அதையும் பாஸ் பண்ணியிருந்தா பட்டதாரியாய்ச் செத்திருப்பா." முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதக் கேட்டவர்களும், "அந்தப் பட்டக் கதையை விட்டிட்டு நல்லதாய் ஏதும் எழுதித் தாங்கோ ரீச்சர்" என்றார்கள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக நல்ல கதையே அந்தப் பட்டக் கதைதான். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

பல்கலைக்கழகத்துக்குப் போகாமலே படித்து எடுக்கும் வெளிவாரிப் பட்டத்துக்காக நாங்கள் பன்னிரண்டு பேர் ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கூடுவோம். வவுனியாவிலிருந்து படிப்பிக்க ஒரு சேர் போட்டோக்கொப்பி நோட்ஸோடு வருவார். "பாடமாக்குங்கோ, எழுதுங்கோ, பட்டத்தை எடுங்கோ" என்பது அவருடைய வேதம். நல்ல மனிதர். எங்களில் பாதிப் பேர் இன்று உத்தியோகத்தில் இருப்பது அவரால்தான். ரெஜினா அக்கா இரண்டு பிள்ளைகளின் தாய். போர்க்கால இடப்பெயர்வில் குழம்பிய படிப்பை முப்பது வயது தாண்டித் திரும்பத் தொடங்கியவர். கருவாடு காயப்போடும் வாடியிலிருந்து நேரே வந்து முன் கதிரையில் இருப்பார். சேர் ஒரு வரி வாசித்தால் இவர் கை உயர்த்துவார்.

"சேர், இதை ஆர் போய்ப் பார்த்தது?"

"அக்கா, இது சோதினைக்கு. சோதினைக்கு ஒண்டையும் போய்ப் பாக்கத் தேவையில்லை."

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன்.

நான் கிளிப்பிள்ளை. முற்றத்தில் நடந்து நடந்து நோட்ஸை முழுசாக விழுங்கிவிடுவேன். அவரோ ஒரு பக்கத்தை மூன்று நாள் வைத்திருப்பார். கருவாடு புரட்டும் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டி, "இது சரியோ?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். "இந்த வேகத்திலை படிச்சா பட்டம் உங்கடை பேரப்பிள்ளையளுக்குத்தான்" என்று பகிடி பண்ணினேன். "அதுகள் எடுத்தாலும் எனக்குச் சந்தோசம்தான் பிள்ளை" என்றார்.

இனித்தான் விஷயம். பொருளியல் வினாத்தாளில் ஒரு கட்டாயக் கேள்வி: கரையோரக் குடும்பங்களின் வறுமைக்கான காரணங்களை விளக்குக. நோட்ஸில் ஐந்து காரணங்கள் இருந்தன. மூன்றாவது, கரையோரப் பெண்கள் தொழில் செய்யாமல் பிறரில் தங்கியிருப்போர், ஆண்களின் உழைப்புக்குச் சுமை என்பது. ரெஜினா அக்கா அந்தக் காரணம் பொய் என்று எழுதினார். வலையிலிருந்து மீனைக் கழற்றுவது யார், வெட்டி உப்புப் போடுவது யார், வெயிலில் நின்று புரட்டுவது யார், சந்தைக்குக் கொண்டுபோவது யார் என்று பக்கம் பக்கமாக எழுதினார். அவருக்கு அந்தப் பாடம் தவறிவிட்டது.

நான் ஐந்து காரணங்களையும் வரி பிசகாமல் எழுதினேன். என் அம்மாவும் பேசாலைக் கரையில் கருவாடு போட்டவர்தான். உப்பில் வெடித்த அந்தக் கைகள்தான் எனக்குப் பஸ் காசு தந்தன. அவரைச் சுமை என்று எழுதினேன். எனக்கு ஏ கிடைத்தது.

அடுத்த வருடம் அவருக்கு அந்த ஒரு பாடம்தான் மிச்சம். பட்டதாரி நியமனத்துக்கு வயதெல்லை வைத்திருந்தார்கள். அந்த வருடம் தவறினால் அவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். பரீட்சை நடந்த வவுனியாவுக்கு அவருக்குத் துணையாக நானும் போனேன். வழியில் முருங்கனில் பஸ் தேநீருக்கு நின்றபோது கெஞ்சினேன்.

"அக்கா, அதே கேள்வி வரும் எண்டு சேர் சொல்லுறார். இந்த ஒருக்கா மட்டும் நோட்ஸிலை உள்ளதை எழுதுங்கோ. பட்டம் கையிலை வந்தாப்பிறகு சண்டை பிடிக்கலாம்."

"பட்டம் வந்தாப்பிறகு சண்டை பிடிச்ச ஆளை நீ கண்டிருக்கிறியோ?" என்று கேட்டுவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார்.

அதே கேள்வி வந்தது. அவர் இரண்டு தடவை மேலதிகத் தாள் வாங்கி, போன வருடத்தை விட நீளமாக அதே பதிலை எழுதினார். திரும்பவும் தவறியது. எனக்கு நியமனம் வந்தது.

என் நியமனக் கடிதத்தைக் காட்ட வாடிக்குப் போனேன். கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தார். பிறகு அழுதார். சும்மா கண் கலங்கவில்லை, விம்மி அழுதார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் பட்டத்தைத் துச்சமாக நினைத்தார் என்று சிலர் இப்போது கதை கட்டுகிறார்கள். அவரைத் தேற்றுவதற்காக, "பட்டம் என்ன பெரிசே அக்கா" என்றேன். சுள்ளென்று வந்தது பதில். "பெரிசுதான். அதாலைதான் பொய் எழுதி எடுக்க எனக்கு மனமில்லை."

அடக்கம் முடிந்த மறுநாள் மரணப் பதிவுக்குச் சூசை அண்ணரோடு பதிவாளர் கந்தோருக்குப் போனேன். பெயர், வயது கேட்ட பதிவாளர், "தொழில்?" என்றார்.

"தொழில் ஒண்டும் இல்லை ஐயா. வீட்டிலைதான்" என்றார் சூசை அண்ணர்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எந்தப் படிவத்திலும் எல்லோரும் சொல்கிற பதில் அது. ஆனால் பேனை தாளில் இறங்கியபோது எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது.

"நிப்பாட்டுங்கோ. அவ கருவாடு பதனிட்டவ. கலியாணம் கட்டின நாளிலையிருந்து."

"ரீச்சர், இது வெறும் படிவம். ஆரும் பாக்கப் போறேல்லை."

"நான் பாக்கிறன். எழுதுங்கோ."

பதிவாளர் சூசை அண்ணரைப் பார்த்தார். "ஓம் ஐயா, எழுதுங்கோ. என்னிலும் கூட உழைச்சவ" என்ற சூசை அண்ணர், அதன்பிறகுதான் முதன்முறையாக அழுதார். பதிவாளர் எழுதினார்.

அன்று பின்னேரமே பேசாலைக்குப் போய் அம்மாவின் முன்னால் இருந்து சொன்னேன். "அம்மா, நீங்கள் எங்களுக்குச் சுமை எண்டு எழுதித்தான் நான் பட்டம் எடுத்தனான்."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். "அதுக்கென்ன பிள்ளை, சோதினைக்குத்தானே எழுதினனீ. பாஸ் பண்ணினாய்தானே, அது காணும்" என்று என் தலையைத் தடவினார்.

காணாது, போதாது. அம்மா என்னை மன்னித்துவிட்டார், நான் மன்னிக்கவில்லை. மன்னிக்காத இந்த மனசுதான் ரெஜினா அக்கா எனக்கு விட்டுப்போனது. இதை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.