கதவோடு என்ன விலை

தகட்டுக்காரரின் வேலைக் கால்சட்டைகளை மெஷினில் போட முடியாது. அவருடைய மனைவிதான் கையால் துவைக்கிறாள். பைகளை வெளியே இழுத்து உதறி, மடிப்புகளில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தூளை விரல் நுனியால் வழித்தெடுத்த பிறகே வாளியில் முக்குவாள். ஒருமுறை காந்தத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். அலுமினியம் காந்தத்துக்கு மசியவில்லை. அவரைப் போலவேதான் இருக்கிறது என்று தன் தம்பியிடம் சொன்னாள்.

அன்று காலை கை துவைத்துக்கொண்டிருந்ததே தவிர, மனம் துணியில் இல்லை. மதியத்துக்கு ஒரு பல் டாக்டரம்மா வண்டி பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். இதற்கு முன் வந்தவர்களெல்லாம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், தடவிக் கொடுத்தார்கள், விலையைக் கேட்டதும் அவசர வேலை ஞாபகம் வந்து கிளம்பிப் போனார்கள். இவரும் கிளம்பிவிட்டால் வேறு யாரும் வரப்போவதில்லை. வண்டி விலைபோகாவிட்டால் அடுத்த மாதம் முதல் தகட்டுக்காரர் பழையபடி பஸ்ஸுக்குக் கூடு கட்டும் கம்பெனிக்குப் போவதாகப் பேச்சு. அவரே கொடுத்த வாக்கு அது.

அந்தக் கம்பெனியில்தான் பல வருடம் தகடு அடித்தார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஊர்க் கோடியில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, தன் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்போவதாக வந்து நின்றார். எஞ்சினும் சக்கரமும் மட்டும் கடையில் வாங்கியது. மற்றபடி சட்டகம், மூக்கு, வால் எல்லாம் மரச்சுத்தியலால் அடித்து அடித்து அவர் வளைத்தது. இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு பை வைக்க வேண்டுமென்றால் மடியில்தான்.

அவள் அப்போது சட்டைத் தொழிற்சாலை ஒன்றில் விலை போடும் பிரிவில் இருந்தாள். ஒரு சட்டையை உள்புறம் புரட்டிக் காட்டினால் போதும், காலருக்கு எவ்வளவு நேரம், பட்டன் துளைக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்து விலையைச் சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கத்தோடு ஷெட்டுக்குள் நுழைந்தவள், வண்டியையும் உள்புறம் புரட்டிப் பார்த்தாள். வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிற தம்பி அவளுக்கு 'விலையக்கா' என்று பெயர் வைத்தான். அது நிலைத்துவிட்டது.

அவள் கண்டுபிடித்தது ஒன்றுதான்: மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்கைக் கதவுகள் தின்கின்றன. தகட்டுக்காரரின் கதவை ஒரு விரலால் தள்ளினால் போதும், நல்ல சம்புடத்தின் மூடி மாதிரி போய் உட்காரும். மேலேயும் கீழேயும் இடைவெளி ஒரே அளவு. அதற்காக அவர் அரத்தை வைத்து ராவுவார், மாட்டுவார், கழற்றுவார், மறுபடி ராவுவார். யாருங்க கதவைப் பார்த்து கார் வாங்குகிறார்கள் என்பாள் அவள். எல்லாரும் முதலில் தொடுவது கதவைத்தான் என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்ததால் சண்டை முடியவே இல்லை. சாப்பாட்டுத் தட்டில் ஆரம்பித்துப் பல் தேய்க்கிற வரைக்கும் போகும்.

ஆனாலும் பஸ் கம்பெனிச் சம்பளம் திரும்பி வரப்போகிறதே என்று அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. அங்கே போய்வந்த காலத்தில் மனுஷன் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கமாட்டார். இப்போது சோற்றைப் பிசைந்த கையோடு கதவுக் கீலைப் பற்றி விளக்குகிறார். கீலைப் பற்றியாவது பேசுகிறாரே என்றிருந்தது அவளுக்கு.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, கதவு சேரல. மாமா ஒண்ணுமே பேச மாட்டேங்கிறாரு. நீ வா."

சோப்புத் தண்ணீரில் துணியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

ஷெட்டில் இரண்டு பச்சை வண்டிகள் நின்றன. ஒன்று விற்க வேண்டியது. இன்னொன்று எஞ்சின் கூட வைக்காத வெறும் உடம்பு. இரண்டின் கதவுகளும் ஒன்றாகப் பெயின்டுக்குப் போயிருந்தன. கையால் அடித்த வண்டியில் ஒன்றின் கதவு இன்னொன்றுக்கு ஒட்டவே ஒட்டாது. எது எதனுடையது என்று தெரிவதற்காகத் தகட்டுக்காரர் கதவின் உள்விளிம்பில் அரத்தால் சின்னதாக வெட்டு வைப்பார். முதல் வண்டிக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு. தம்பிக்கு அது தெரியும். ஆனால் மாமாவின் கதவில் இப்படி ஒரு கீறலா என்று மனசு கேட்காமல், வெட்டுகளையெல்லாம் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, இருந்த இடம் தெரியாமல் பெயின்ட் அடித்துவிட்டான். அப்புறம் கைக்கு வந்ததை மாட்டியிருக்கிறான். கீழ்மூலை இடித்தது. மேலே விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்தது.

"இவ்வளவு நல்லா வேலை செய்யச் சொல்லி உன்னை யாருடா கேட்டா?" என்றாள்.

இதைக் கழற்றி அதை மாட்ட வேண்டியதுதானே என்று அவள் கேட்டதற்கு, கீலுக்குப் பின்னால் செருகும் மெல்லிய தகடுகளும் கலந்துபோய்விட்டன, எல்லாவற்றையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும் என்று தம்பிதான் சொன்னான். தகட்டுக்காரர் நான்கு கதவுகளையும் போர்வை விரித்த மேஜைமேல் படுக்கவைத்து, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவை நாளைக்கு வரச் சொல்லிவிடு என்றார். நாளைக்கு என்றால் அவர் வேறு வண்டியைப் பார்த்துவிடுவார் என்றாள் இவள். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் ஹாரன் கேட்டது. டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். கட்டைத் தலைமுடி, தட்டையான செருப்பு. வந்ததும் வண்டியைப் பார்க்கவில்லை. மேஜைக்குப் போய்க் கதவின் விளிம்பில் விரலை ஓட்டினார். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் தடவினார்.

"யார் செஞ்சது?"

தகட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா வாய்க்குள்ள இதைத்தான் செய்றேன். இடைவெளியைப் பாத்தா செஞ்சவங்களைத் தெரிஞ்சிடும். இதுல ஒண்ணும் சொல்றதுக்கில்ல." பிறகு வண்டிப் பக்கம் திரும்பினார். "சாவி இருக்கா?"

கதவில்லாமலா என்று தகட்டுக்காரர் தயங்கினார். சீட்டும் பெல்ட்டும் இருக்கின்றனவே என்று டாக்டரம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். கூட யாராவது வரவேண்டும், நீங்கள் வாருங்கள் என்று விலையக்காவைக் கைகாட்டினார்.

அவள் அந்த வண்டியில் போனதே இல்லை. ஓட ஓடத் தேயுமே, விலை குறையுமே என்று அவள்தான் யாரையும் ஓட்டவிடாமல் காத்தவள். பெல்ட்டை இழுத்து மாட்டும்போது கை சோப்பில் வழுக்கியது.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நீளச் சாலை, காலியாகக் கிடக்கும். டாக்டரம்மா முதலில் மெதுவாகப் போனார், பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார், அப்புறம் கியரை மாற்றினார். எஞ்சின் முதுகுக்குப் பின்னாலிருந்து உறுமியது. அவளுக்கு வயிறு பின்னால் தங்கிவிட்டு உடம்பு மட்டும் முன்னால் போன மாதிரி இருந்தது. பக்கத்தில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் தார்ச் சாலை ஆறு மாதிரி ஓடியது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். காற்று புடவையைப் பிடுங்கியது, தலைப்பைச் சுருட்டித் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டாள். வளைவு வந்தது. கவிழ்ந்துவிடும் என்று கண்ணை மூடினாள். வண்டி சாயவில்லை, தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. இவர் கையால் அடித்தது இது, இந்த மனுஷன் கையால் அடித்தது என்று அவளுக்குள் ஏதோ குதித்தது. டாக்டரம்மா சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தானும் சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது.

"இன்னொரு தடவை போலாமா?" என்றார் டாக்டரம்மா.

"போங்க," என்றாள். விலை குறைவதைப் பற்றி நினைக்கவே இல்லை.

திரும்பி வந்து இறங்கினார்கள். டாக்டரம்மா விலையைக் கேட்டார். அவள் சொன்னாள். ஒரு சின்ன வீட்டின் விலை அது. டாக்டரம்மா பேரம் பேசவில்லை.

"கதவு இல்லாம என்ன விலை?"

மழை பெய்தால் வண்டியை வெளியே எடுக்கப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுவதற்காகத்தான் வாங்குவது, கதவு அருமையான கதவு, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் இன்றைக்கு ஓட்டியபோது அது இல்லையே என்று தோன்றவே இல்லை என்றார். தன்னைப் போலவே கேட்கிற இரண்டு சிநேகிதர்கள் இருப்பதாகவும் சொன்னார். நீங்கள் பேசிக்கொள்ளுங்கள் என்று தம்பியோடு வெளியே போய் நின்றார்.

ஷெட்டின் மூலையில் தடுத்திருந்த ஆபீஸ் அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். அவள் தலைமுடி இன்னும் விரிந்தே கிடந்தது. கதவில்லாத வண்டியின் விலை அவளுக்கு ஏற்கனவே மனதில் விழுந்துவிட்டது. அந்த விலைக்கு ஒன்றல்ல, வரிசையாகப் போகும்.

"கதவில்லாம வண்டியா? சட்டையை மட்டும் மாட்டிட்டுத் தெருவுல இறங்குற மாதிரி," என்றார் தகட்டுக்காரர்.

"அந்தம்மாவுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"பாதி வேலை பண்ணின வண்டியில என் பேரு போகணுமா?"

"எது பாதி? அந்த வளைவுல திரும்பினப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா நேரா போயிட்டிருக்கோம். அது பாதி வேலையா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த கியர்ல திரும்பினாங்க?"

"எனக்கென்ன தெரியும். முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு. இவ்வளவு நாள் பக்கத்துல வச்சுக்கிட்டு என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போகலையே நீங்க."

"நீதான் எடுக்கக்கூடாதுன்ன."

"நான் சொன்னா கேக்குற ஆளா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது. ஜன்னல் வழியே மேஜைமேல் கிடந்த கதவுகளைப் பார்த்தார். பஸ் கம்பெனிக்குத் திரும்பிப் போனால் உங்களைக் கதவே மாட்டச் சொல்ல மாட்டார்கள், அதற்கென்று வேறு ஆள் உண்டு என்று அவள் சொன்னாள். கதவு வேண்டுமென்கிறவர்களுக்குக் கதவோடு செய்து கொடுக்கலாம், அந்த விலையைத் தனியாகப் போடுகிறேன், ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றாள். அவர் கழுத்தில் கிடந்த துணியை எடுத்து, சுத்தமாக இருந்த விரல்களையே ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

வெளியே டாக்டரம்மா தம்பியிடம் பெயின்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

"சரின்னு சொல்லிடவாங்க?"

துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் விரிந்த தலையை அள்ளி முடிந்துகொண்டு, கதவில்லாத விலையைச் சொல்ல அறையை விட்டு வெளியே போனாள்.