எப்சிபா அக்காவின் வியாழக்கிழமை ஆட்டம்

“கைய நீட்டுங்கய்யா” என்று சொல்லிவிட்டு, நீட்டும்வரை காத்திராமல், கட்டிலில் கிடப்பவரின் புஜத்தை இஞ்ச் டேப்பால் சுற்றுகிறார் எப்சிபா அக்கா. “போன வாரத்துக்கு அரை இஞ்சு கூடியிருக்கு. வீட்டுக்குப் போனா சட்டையப் பிரிச்சுத்தான் தைக்கணும்.” நோயாளியின் முகம் மலர்ந்துவிடுகிறது. அந்த அரை இஞ்சு டேப்புக்கு அடியில் மடங்கியிருக்கும் அக்காவின் சுண்டுவிரல் என்பது அவருக்குத் தெரியாது.

அல்லிநகரத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறார் அக்கா. வயது ஐம்பத்துநான்கு. வியாழக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு வேதாகமம், நகவெட்டி, தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். எந்த மதத்துக்காரரானாலும் ஒரே கேள்விதான்: “ஜெபம் பண்ணட்டா, நகம் வெட்டட்டா?” பெரும்பாலும் நகம்தான் ஜெயிக்கும். அக்காவுக்கு வருத்தமில்லை. அவருடைய ஜெபம் அரை நிமிடம்: “ஆண்டவரே, இந்தா இங்கன படுத்திருக்காக. ஒமக்கே தெரியும். பாத்துக்கங்க. ஆமென்.” நகம் வெட்டக் கால் மணி நேரமாகும். ஊர்க்கதை முழுவதும் அதில்தான் வரும்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று 2006இல் இரண்டு மாதம் அவர் பின்னால் அலைந்தேன். அப்போதுதான் தேவாரம் என்ற ஊருக்குப் போனோம்.

அங்கே கர்ணன் என்ற லாரி டிரைவர், வயது முப்பத்தாறு, தேங்காய் போட்டுவைக்கும் கொட்டகையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எச்.ஐ.வி. மாத்திரை தேனியில் இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிய டப்பா பிரிக்கப்படாமல் தலைமாட்டில் கிடந்தது. அவருடைய அண்ணி சங்கிலியம்மாள் வாசலில் நின்றபடி, சோற்றுத் தட்டை ஒரு நீளக் கம்பால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

“தொட்டா ஒட்டாது ஆத்தா” என்றார் அக்கா.

“ஒங்களுக்கென்னக்கா, சொல்லிட்டுப் போயிருவீக. நான் ரெண்டு பொம்பளப் பிள்ளைகள வச்சிருக்கேன்.”

அக்கா உள்ளே போனார். கர்ணன் சுவரோடு சொன்னார்: “எனக்கு எந்தச் சாமியும் வேணாம். போயிருங்க.”

“போறேன்ப்பா. பஸ்ஸு நாலு மணிக்குத்தான்.”

மூலையில் கிடந்த பாயை அக்கா விரித்தார். துணியில் குறியிடும் சாக்கட்டியால் தரையில் கட்டம் போட்டார். பையிலிருந்து பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்து உருட்டினார். அவருக்கும் அவரே ஆடினார், கர்ணனுக்கும் அவரே ஆடினார். “இது ஏங்காயி. இது ஒங்காயி. அஞ்சு... இந்தா ஒன்ன வெட்டிட்டேன்!” மூன்றுமுறை வெட்டியபின் சுவர்ப்பக்கம் அசைந்தது. கர்ணன் திரும்பிக் கட்டைகளைப் பார்த்தார்.

“ஏக்கா, விழுந்தது நாலு. அஞ்சுன்னு தள்ளுறீக.”

“எனக்குக் கண்ணு சரியில்ல. நீயே எந்திரிச்சுப் பாத்துச் சொல்லு.”

கர்ணன் எழுந்து உட்கார்ந்தார். அதற்கே மூச்சு வாங்கியது. பந்தயம் பேசி முடிவானது. அவர் தோற்றால் ஒரு வாரம் இரண்டு வேளையும் மாத்திரை போட வேண்டும். ஜெயித்தால் அக்கா ஜெபம் பண்ணாமல் போய்விட வேண்டும்.

அன்றைக்குத் தோற்றார். அடுத்த இரண்டு வாரமும் தோற்றார். அக்கா முந்தானை நுனியால் கட்டையைப் புரட்டுகிறவர். அவரிடம் யார்தான் ஜெயிப்பது? சேதி எப்படியோ அக்காவின் சபைப் போதகர் காதுக்குப் போயிற்று.

“ஏம்மா, ஜெபம் பண்ணப் போனீகளா, தாயம் ஆடப் போனீகளா?”

“ரெண்டுக்குந்தான் ஐயா. ஜெபத்துக்கு அவன் வாயத் தொறக்கல. ஆட்டத்துக்குத் தொறந்தான்.”

நான்காவது வாரம் கர்ணன் நிஜமாகவே ஜெயித்தார். அக்கா பேச்சு மாறவில்லை, ஜெபிக்காமலே கிளம்பினார். பஸ்ஸில் போடி வரும்வரை கண்ணைத் திறக்காமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “அவனுக்குத்தான் பண்ணலன்னு வாக்குக் குடுத்தேன். பஸ்ஸுக்குக் குடுக்கலயே” என்றார். ஜெயித்த வாரமும் கர்ணன் மாத்திரையை நிறுத்தவில்லை. அடுத்த வியாழக்கிழமை உட்கார்ந்து ஆடத் தெம்பு வேண்டுமே.

இதற்கிடையில் அக்கா இன்னொரு காரியமும் செய்துகொண்டிருந்தார். “அங்கன வெளிச்சம் பத்தல” என்று வாராவாரம் பாயை இரண்டு முழம் வாசல்பக்கம் இழுத்தார். சங்கிலியம்மாள் ஆறடி தள்ளி நின்றுதான் வேடிக்கை பார்த்தார். முதலில் தட்டை எடுக்க வந்தவர்போல நின்றார். பிறகு அந்தச் சாக்கும் இல்லாமலே நின்றார்.

ஏழாவது வாரம் பாய் வாசற்படியை ஒட்டிக் கிடந்தது. வெயில் பட்டுக் கர்ணன் கன்னத்தில் லேசாகச் சதை தெரிந்தது. அக்கா அன்று வெட்கமில்லாமல் ஆடினார். இரண்டு விழுந்ததை ஆறு என்றார், வெட்டுப்பட்ட காயை எடுத்துத் திரும்பக் கட்டத்திலேயே வைத்தார்.

“அய்ய, போங்காட்டம்!” என்று வெளியிலிருந்து கத்தினார் சங்கிலியம்மாள். “கொழுந்தனாரே, பாத்துக்கிட்டா இருக்கீக? அந்தக் காயி செத்துப்போச்சு!”

“நான் என்னத்தச் சொல்ல மதினி? சொன்னாக் கேக்குறாகளா?” உருட்ட வேண்டிய கட்டைகள் கர்ணனின் உள்ளங்கையில் இருந்தன.

“இங்கன குடுங்க. நான் உருட்டுறேன்.” படியைத் தாண்டி வந்த சங்கிலியம்மாள், அவர் உள்ளங்கையிலிருந்து கட்டைகளை வழித்து எடுத்தார்.

எப்சிபா அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து, பாயில் பாதியை விட்டுக்கொடுத்தார்.